400 கணினிகள், ஒரே எக்செல் கோப்பு: அமைவு மேலாண்மையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி – ஆலைக்கணினியாளர்

அனைவருக்கும் வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய ஊர்களில் கிளைகள் கொண்ட ஒரு நூற்பாலை நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறேன். சுமார் 400 கணினிகளும் சில லினக்ஸ் சர்வர்களும் எங்கள் பொறுப்பில் உள்ளன. இவற்றின் விவரங்கள் ஓர் எக்செல் கோப்பில் இருக்கின்றன. வாங்கிய நாளில் எழுதியதோடு சரி, பின்னர் ராம் மாற்றியதோ மென்பொருள் நிறுவியதோ அதில் ஏறுவதேயில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11-க்குத் தேவையான டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு உள்ள கணினிகள் எத்தனை, அதற்கு மாற்றக்கூடியவை எவை என்று நிர்வாகம் கேட்கிறது. கோப்பில் அதற்கு விடையில்லை. எந்தக் கணினியில் என்ன வன்பொருள், மென்பொருள் உள்ளன என்று பதிந்து வைக்கும், சி.எம்.டி.பி. எனப்படும் அமைவுத் தரவுத்தளம் ஒன்றை வாங்கியே தீர வேண்டும் என்கிறார் விற்பனையாளர். பல கணினிகளின் அமைவை எழுதிவைத்தபடி தானாகவே நிறுத்தும் அன்சிபிள் என்ற மென்பொருள் போதும் என்கிறார் உடன் பணிபுரிபவர். எதை முதலில் செய்வது?

மறுமொழி 1 – பதிவேடு

வணக்கம். விற்பனையாளரும் உடன் பணிபுரிபவரும் வெவ்வேறு வேலைகளைச் சொல்கிறார்கள். என்ன இருக்கிறது என்பதை அறிவது ஒரு வேலை. எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி அதன்படி நிறுத்துவது அடுத்த வேலை. நிர்வாகத்தின் கேள்வி முதல் வேலையைச் சேர்ந்தது என்பதால், பணம் செலவழிக்கும் முன் ஜி.எல்.பி.ஐ. என்ற கட்டற்ற மென்பொருளை ஒரு சர்வரில் நிறுவி, அதன் ஏஜென்ட்டை (விவரம் திரட்டும் சிறு நிரலை) ஒரு கிளையின் கணினிகளில் மட்டும் ஓட விடுங்கள். செயலி, நினைவகம், வட்டு, நிறுவியுள்ள மென்பொருள்களின் பதிப்பு ஆகியவற்றை அதுவே திரட்டி அனுப்பும். மனிதர் கையால் நிரப்பும் பட்டியல் எவ்வளவு அக்கறையோடு தொடங்கினாலும் சில மாதங்களில் பழசாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

ஓர் எச்சரிக்கை. உள்ளூர்க் கடைகளில் அசெம்பிள் செய்த கணினிகள் பலவற்றில் வரிசை எண்ணுக்குரிய இடத்தில் 'டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.' என்ற வாசகமே இருக்கும். வரிசை எண்ணை மட்டும் நம்பினால் பல கணினிகள் ஒரே பதிவாகக் கலந்துவிட வாய்ப்புண்டு. இத்தகைய மதிப்புகளை ஜி.எல்.பி.ஐ.-யின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு, பெட்டியின் மேல் சொத்து எண் ஒட்டி, அதையும் பதிவில் ஏற்றுங்கள்.

மறுமொழி 2 – சர்வர்காவலர்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சர்வர்களை அந்த வரிசையில் காத்திருக்க வைக்க வேண்டாம். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தையில் நைட் கேப்பிட்டல் நிறுவனத்திற்கு நேர்ந்ததைப் படித்துப் பாருங்கள். புதிய நிரல் எட்டு சர்வர்களில் ஏற வேண்டியிருக்க, ஒன்றில் மட்டும் ஏறாமல் விடுபட்டது. அதில் 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய பழைய நிரல் நீக்கப்படாமல் கிடந்து, அன்று உயிர்பெற்று, சுமார் 45 நிமிடங்கள் தானாகவே பங்கு வாங்கும், விற்கும் ஆணைகளை அனுப்பிக்கொண்டிருந்தது. இழப்பு 44 கோடி டாலருக்கும் மேல். கோளாறு எங்கே என்று தெரியாத நிலையில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை நீக்கினார்கள். அவையும் பழைய நிரலை ஓட்டத் தொடங்கி நிலைமை மோசமானது. எட்டும் ஒரே அமைவில் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுச் சொல்லும் ஏற்பாடு ஒன்று இருந்திருந்தால், சந்தை திறக்கும் முன்பே அந்த ஒரு சர்வர் தனித்துத் தெரிந்திருக்கும்.

எனவே சர்வர்களுக்கு அன்சிபிளைத் தயங்காமல் தொடங்குங்கள். சர்வர்களில் தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியாகவே இயங்குவதால் தனி ஏஜென்ட் தேவையில்லை. அமைவுக் கோப்புகளை, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் வைத்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அங்கேயே பதிவாகும். முதல் சில வாரங்களுக்குச் அன்சிபிளைச் செக் (சோதனை) முறையில் மட்டும் ஓட்டுங்கள். அது பொதுவாக எதையும் மாற்றாமல், எழுதியதற்கும் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். இரவில் அவசரத்துக்குக் கையால் செய்த திருத்தங்கள் எல்லாம் அப்போது வெளிவரும். ஒவ்வொன்றையும் விசாரித்து, தேவையானதைக் கோப்பில் சேர்த்து, மற்றதை நீக்கிய பிறகே உண்மையாக ஓட்ட வேண்டும்.

ஆலைக்கணினியாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. ஆலைக்குள் நூற்பு இயந்திரங்களோடு இணைந்த சில கணினிகள் விண்டோஸ் 7-இல் ஓடுகின்றன. இயந்திரம் விற்றவர்கள் அதை மாற்றக் கூடாது என்கிறார்கள். அவற்றுக்கு வலைப்பின்னல் இணைப்பும் இல்லை. இவற்றைப் பட்டியலிலிருந்து விட்டுவிடலாமா?

மறுமொழி 3 – பதிவேடு

விட்டுவிடாதீர்கள், நின்றால் உற்பத்தியையே நிறுத்தக்கூடியவை அவைதாம். இணைப்பில்லாத கணினியில் ஏஜென்ட்டை ஓட்டி, அது எழுதும் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துவந்து ஏற்றலாம். பென்டிரைவை முன்னும் பின்னும் வைரஸ் சோதனை செய்துகொள்ளுங்கள். பழைய விண்டோஸில் ஏஜென்ட் ஓடாவிட்டால் இந்தச் சில கணினிகளுக்கு மட்டும் கையால் எழுதுவதில் தவறில்லை. எந்த இயந்திரத்தோடு இணைந்தது, கட்டுப்பாட்டு மென்பொருளின் பதிப்பு எது, முழு வட்டின் நகல் எங்கே இருக்கிறது, அந்த நகலிலிருந்து மீட்டுப் பார்த்தது எப்போது, இயந்திர நிறுவனத்தில் யாரை அழைப்பது ஆகியவை அந்தப் பதிவில் கட்டாயம் இருக்க வேண்டும். வட்டு நகல் இல்லாத கணினி ஏதேனும் இருந்தால், விண்டோஸ் 11 கணக்கெடுப்புக்கும் முன்பாக இந்த வாரமே அந்த நகலை எடுத்துவிடுங்கள்.