எச்-இண்டெக்ஸ் பட்டியலைப் பார்த்து மகளுக்கு கைடு தேடலாமா?

கணக்கு வாத்தியார், குடியாத்தம்:

வணக்கம். அரசுப் பள்ளியில் 31 வருஷம் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன். மகள் எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு பிஎச்.டி. சேர வேண்டும் என்கிறாள். மாப்பிள்ளை பார்ப்பதைவிட கைடு பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது.

'இந்தியாவின் முன்னணி கணினி விஞ்ஞானிகள்' என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. பெயருக்கு எதிரே எச்-இண்டெக்ஸ், மொத்த சைட்டேஷன் (அவர் கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை). பிரிண்ட் எடுத்து, காட்பாடி, சென்னை என்று ரயிலில் போய்வரத் தோதான ஊர்க்காரர்களைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறேன். பழைய புத்தி எங்கே போகும்.

எச் என்றால் என்னவென்று படித்தேன். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்னதாம். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். 25, 18, 9, 6, 5, 3, 1 என்றால், ஐந்தாவது கட்டுரைக்கு 5 இருக்கிறது, ஆறாவதற்கு 6 இல்லை. ஆகவே எச் 5. கணக்கு புரிகிறது. ஆனால் மேற்கோள்களை எண்ணிக் காட்டும் தளங்களில் ஒரே ஆளுக்கு கூகுள் ஸ்காலரில் எச் 41, ஸ்கோபஸில் 27 என்று இருக்கிறதே, எதை நம்புவது? முதல் பத்துக்குள் இருப்பவரிடம் சேர்த்தால் பிள்ளைக்கு நல்லதா?

லைப்ரரி அக்கா, சத்துவாச்சாரி:

சார், நான் ஒரு காலேஜ் லைப்ரரியில இருக்கேன். வாத்தியாருங்க ப்ரொஃபைலை ஒட்டுறதும் வெட்டுறதும்தான் ஒன்பது வருஷமா என் பொழப்பு.

முதல்ல அந்த 41, 27. ஸ்கோபஸ், தான் சேர்த்துக்கிட்ட ஜர்னல், கான்ஃபரன்ஸ், புத்தகத்தை மட்டும்தான் எண்ணும். ஸ்காலர் வலையில அகப்பட்டதை எல்லாம் எண்ணும். ஆய்வேடு, இன்னும் எங்கேயும் வெளிவராத பேப்பர்கூட. ரெண்டும் பொய்யில்ல. எதுலேர்ந்து எடுத்ததுன்னு பட்டியல்ல போடலைன்னா மடிச்சு வெச்சிடுங்க.

இதைவிடப் பெரிய ஓட்டை நம்ம பேர்லயே இருக்குது சார். வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பேர் உண்டு. நமக்கு அப்பா பேரோட முதலெழுத்துதான். ஒரு ஜர்னல் 'செந்தில்குமார் ஆர்'னு போடும், இன்னொண்ணு 'குமார் ஆர்.எஸ்.'னு பிச்சுப் போடும். மெஷினுக்கு அது ரெண்டு ஆளு. எங்க மேடம் ஒருத்தங்க கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல்ல எழுதினாங்க, அப்புறம் வீட்டுக்காரர் இனிஷியல்ல. நீங்க போட்ட அதே எண்களை வெச்சே சொல்றேன்: பழைய பேர்ல 25, 9, 5. புதுப் பேர்ல 18, 6, 3, 1. தனித்தனியா பார்த்தா எச் 3, 3. ஒட்டினா 5. ஒட்ட வெக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு, அதுக்குள்ள அந்த வருஷப் பட்டியல் வந்துடுச்சு. தலைகீழாவும் நடக்கும். ஒரே பேர்ல இருக்கிற அஞ்சு பேரோட பேப்பர் ஒருத்தர் கணக்குல போய் உட்கார்ந்து, அவர் மேதை ஆயிடுவார். கணினி பேப்பருங்களைப் பட்டியல் போடுற டிபிஎல்பி தளத்துல பேருக்குப் பின்னால 0001, 0002னு போட்டிருக்கிறது இந்தக் குழப்பத்துக்காகத்தான். உங்க பொண்ணை முதல் பேப்பர் அனுப்புறதுக்கு முன்னாடியே ஆர்கிட் எண் வாங்கச் சொல்லுங்க, அது ஆய்வாளருக்குன்னு இருக்கிற அடையாள எண். 16 இலக்கம், காசு கிடையாது, கல்யாணம் ஆனாலும் மாறாது.

இன்னொரு சங்கதி. முன்னாடி நான் வேலை பார்த்த இடத்துல ஒரு சுற்றறிக்கை வந்துது. யார் பேப்பர் எழுதினாலும் நம்ம ஆளுங்க பேப்பர் மூணையாவது மேற்கோள் காட்டணும், இல்லைன்னா ஊக்கத்தொகை கிடையாது. மூணு இருக்குதான்னு எண்ணிக் கையெழுத்துப் போடுறது என் வேலை. நெல்லுக்கு வர்ற நோயைக் கண்டுபிடிக்கிற பேப்பர்ல ஏடிஎம் பாதுகாப்பு பத்தின மேற்கோள் இருந்துது. மூணு இருந்துது, போட்டேன்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. பிரான்ஸ்ல சிரில் லாபேன்னு ஒரு கணினி ஆய்வாளர், மெஷின் எழுதின போலிக் கட்டுரைங்களை ஒண்ணையொண்ணு மேற்கோள் காட்டுற மாதிரி வலையில ஏத்தி, ஐக் அன்ட்கேர்னு உலகத்துலயே இல்லாத ஒரு விஞ்ஞானியை உண்டாக்கினார். 2010ல ஸ்காலர் கணக்குப்படி அந்த ஆளுக்கு எச் 94! உலக விஞ்ஞானிகள்ல மேல் வரிசையில இருக்கிறவங்கன்னு ஸ்டான்ஃபோர்டு ஐயோனிடிஸ் குழு போடுற '2 சதவீத' பட்டியல் கொஞ்சம் தேவலை. தனக்குத்தானே காட்டிக்கிட்ட மேற்கோளைக் கழிச்ச ரேங்கும் அதுல இருக்கும். காலேஜ் வாசல் பேனர்ல எந்த ரேங்க்குன்னு இருக்காது.

மூணாம் வருஷ பிஎச்.டி. ஸ்காலர்:

சார், நீங்க கணக்கு வாத்தியார்ங்கிறதால இதைச் சொல்றேன். ஒரு எண் பகா எண்ணான்னு பல்லுறுப்புக்கோவை நேரத்துல, அதாவது எண்ணோட இலக்கம் கூடினாலும் நேரம் கட்டுக்கடங்காம ஏறாம, கண்டுபிடிக்க முடியும்னு 2002ல ஐஐடி கான்பூர்ல நிரூபிச்சாங்க. மணீந்திர அகர்வால், கூடவே அப்பதான் பி.டெக். முடிச்ச நீரஜ் கயால், நிதின் சக்சேனா. 13 பக்கம், 2004ல அச்சாச்சு, 2006ல கணினியியல் தியரிக்குக் கொடுக்கிற கோடல் பரிசு. அதை மட்டும் எழுதிட்டு அவங்க நிறுத்தியிருந்தா, எத்தனை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் எச் 1தான். தியரி ஆளையும் டீப் லேர்னிங் ஆளையும் ஒரே வரிசையில நிறுத்துறது கபடி பாயின்ட்டையும் கிரிக்கெட் ரன்னையும் கூட்டி ரேங்க் போடுற மாதிரி.

இந்தியப் பல்கலைக்கழக பிஎச்.டி. ஆய்வேடுங்களைச் சேர்த்து வெக்கிற ஷோத்கங்கா தளத்துல கைடு பேரைப் போட்டுத் தேடுங்க. அவர்கிட்ட முடிச்சவங்க ஆய்வேடு இருக்கும், நிறைய ஆய்வேட்டுல பதிவு பண்ண தேதியும் முடிச்ச தேதியும் இருக்கும். யுஜிசி 2022 விதிப்படி பேராசிரியர்கிட்ட ஒரே நேரத்துல 8 பேர், இணைப் பேராசிரியர்கிட்ட 6, உதவிப் பேராசிரியர்கிட்ட 4 பேருக்கு மேல இருக்க முடியாது. உச்சியில இருக்கிறவர்கிட்ட இடம் காலியான்னு முதல்ல கேளுங்க. என் கைடு பேர் எந்தப் பட்டியல்லயும் இல்ல. செவ்வாய்க்கிழமை ஆனா என் டிராஃப்ட் சிவப்பு மையோட திரும்பி வந்துடும்.

பாலாற்றங்கரை:

எச் ஏறினா இறங்காது, அதை யாரும் சொல்லலையே. ஆள் பேப்பர் எழுதுறதை நிறுத்திப் பத்து வருஷம் ஆனாலும் அப்படியே நிக்கும். 'தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில்'னு வேலூரை இன்னிக்கும் கிண்டல் பண்றாங்க இல்ல? ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981லயே சாமி வந்தாச்சு, 2021ல பாலாறு கரை புரண்டு ஓடினதை நாங்க பார்த்தோம். அந்தக் கிண்டல் மட்டும் மாறல. ஸ்காலர்ல மொத்தத்துக்குப் பக்கத்துலயே கடைசி சில வருஷக் கணக்குத் தனியா இருக்கும், அதைப் பாருங்க.

கணக்கு வாத்தியார், குடியாத்தம்:

மூன்றும் மூன்றும் ஐந்து என்று ஒரு பையன் எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன். அம்மா சொன்னதை நோட்டில் போட்டுப் பார்த்தேன், சரிதான்.

நேற்று ராத்திரி மகளோடு ஷோத்கங்காவில் உட்கார்ந்தேன். நான் சுழித்து வைத்த ஒருவரிடம் இரண்டு பேருக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. பட்டியலில் வெகு கீழே இருக்கும் ஒரு மேடத்திடம் பார்த்தவரை யாருக்கும் ஐந்தைத் தாண்டவில்லை. அவரிடம் முடித்த ஒரு பெண்ணுக்கு மகள் மெயில் போட்டிருக்கிறாள், பதில் வரவில்லை.

ஆர்கிட்டில் ஒரு சந்தேகம். 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என் பெயரைப் போட்டால் நாளைக்கு இவள் எழுதுவதை எல்லாம் என் பெயரைச் சொல்லித்தானே மேற்கோள் காட்டுவார்கள்? வரட்டுமே என்கிறாள் மகள்.