மடலாடல்: வான்கோழி இறக்கைக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள்)

அனைவருக்கும் வணக்கம். 19ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்துப் பண்ணை வீட்டுச் சமையலறை பற்றிய விளக்க அட்டைகளைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். கணப்பருகே ஆணியில் வான்கோழியின் முழு இறக்கை தொங்குகிறது. சாம்பலைக் கூட்ட, மேசையில் சிந்திய மாவை ஒதுக்க, தணலை விசிற எல்லாவற்றுக்கும் அதுதான். "இறகுத் துடைப்பம்" சரியா?

*

> "இறகுத் துடைப்பம்" சரியா?

சரியில்லை அம்மா. அது குச்சி நுனியில் தனித்தனி இறகுகளைக் கட்டிய தூசிதட்டி. இதுவோ எலும்பு, தோல், மூட்டோடு சேர்ந்த உறுப்பு. இறக்கையை மூட்டில் வெட்டிச் சதையை வழித்தெடுத்து, வெட்டுவாயில் உப்பை அப்பி, பலகையில் விரித்து, மேலே கனம் வைத்துச் சில வாரம் உலர்த்துவார்கள். விரிக்காமல் காய்ந்தால் மடிந்தபடியே இறுகிவிடும். பிறகு இழுத்தால் முறியும். சதை மிஞ்சினால் நாற்றமெடுக்கும், புழுவும் வைக்கும். எலும்பு முனையில் துணியோ தோலோ சுற்றினால் கைப்பிடி.

சாம்பலைத் தள்ளுவது நுனிப்பக்கத்து 10 விறைத்த பேரிறகுகள். அவற்றின் இழைகள் நுண்கொக்கிகளால் ஒன்றையொன்று பற்றியிருப்பதால் மெல்லிய மாவும் இடையில் நழுவாது. கங்கு பட்டால் கருகும். அதனால் தணல் அவிந்த பிறகே கூட்ட வேண்டும்.

விளக்குமாறு போல இதைச் "சிறகுமாறு" எனலாம்.

*

சிலப்பதிகாரத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள் புறப்படும்போது எடுத்துக்கொள்வது "கைப்பீலி". கையில் பிடித்து, உயிருக்கு ஊறு வராமல் மெல்லப் பெருக்கும் கருவி. ஆயத்தமாகச் சொல் இருக்க ஏன் புதிதாக ஆக்க வேண்டும்?

*

பீலி மயிலுக்கு உரியது ஐயா. சமணத் துறவியின் பீலியை அடுப்படிச் சாம்பலில் போடவும் மனம் வரவில்லை. "சிறை" என்றாலே சங்கப் பாடல்களில் இறக்கைதான், அதனால் "சிறைவாரி" என்று வைக்கலாம். வாருவதால் வாரி, வாரியல்.

*

"சிறைவாரி" என்று அட்டையில் கண்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளை கைதியைத் தேடும்.

இன்னொன்று. "வான்கோழி" என்பதே இங்கு ஐயத்துக்குரியது. இப்பறவை அமெரிக்காவுக்குரியது, 1492க்கு முன் நம் பக்கம் வந்திருக்க வழியில்லை. மூதுரையை அதற்கு முந்தையது என்று கொண்டால், கான மயிலைப் பார்த்துப் "பொல்லாச் சிறகை" விரித்தது வேறு பறவை. கான்கோழியாக இருக்குமோ? யாப்பைப் பார்த்தால்...

*

யாப்பைத் தனி இழையில் பேசுவோம். இன்று புதன்.

பேச்சில் இறக்கை வேறு, இறகு வேறு என்பது எல்லாருக்கும் தெரியும். சிறகு என்றால் சிலர் ஒற்றை இறகை நினைப்பார்கள். "இறக்கைத் துடைப்பம்" எனப் போட்டுவிட்டு, "உலர்த்திய முழு இறக்கை" என ஒரு வரி சேருங்கள். படித்ததும் விளங்குவதே அட்டைக்கு அழகு.

*

நன்றி. சிறகுமாறுக்கு இருவர், கைப்பீலிக்கு ஒருவர், இறக்கைத் துடைப்பத்துக்கு நால்வர். அதையே அனுப்புகிறேன்.

*

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். துடைப்பம், மாறு, வாரி மூன்றும் கூட்டுவதை மட்டுமே சொல்கின்றன. தணலை விசிறியதும் இதே இறக்கைதான். தேனடையிலிருந்து தேனீக்களை நசுக்காமல் ஒதுக்கியதும் இதுவே. ஒரு வேலையைப் பெயரில் வைத்தால் மற்றவை மறையும். "கையிறக்கை" என்றால் போதும், வேலையை அட்டையின் விளக்கம் சொல்லட்டும். அடுத்த பதிப்பிலாவது பரிசீலியுங்கள்.