மாறிவரும் இசையெழுத்துக்கு ஒரு சொல்: கைவண்ணம்

நண்பர்களுக்கு வணக்கம்.

> ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதும் ஒருவரின் எழுத்து காலப்போக்கில் மாறிவருவதைக் குறிக்க 'இசைநடை' போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன், ஐயா. உரைநடையைப் பற்றிப் பேசும்போது நடை நல்ல சொல். இசைக்குள் வந்ததும் அது திஸ்ர நடை, கண்ட நடை என்று தாளக் கணக்குக்குப் போய்விடுகிறது. 'அவருடைய நடை மாறியது' என்று எழுதினால், இசை படித்தவர் தாளத்தில் ஏதோ மாறியது என்றுதான் எடுத்துக்கொள்வார். 'பாணி' என்றால் நம் காதில் குரு வழி வந்தது, பலருக்குப் பொதுவானது. ஒரே ஆள் தன் பழைய எழுத்தைவிட்டு விலகிப் போவதற்கு அது பொருந்தவில்லை.

நான் முன்வைப்பது 'கைவண்ணம்'. கம்பன் எடுத்தாண்ட சொல், இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. வண்ணத்தில் நிறமும் சேர்ந்திருப்பதால் கருவிகளின் ஒலிநிறத்தைப் பேசும் இடத்தில் கூடுதல் வசதி.

ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை வைத்துச் சொல்லைச் சோதித்துப் பார்க்கலாம். 1910இல் வந்த அவருடைய 'நெருப்புப் பறவை' பாலே நடன இசையில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன் ஆகிய ஊதுகருவிகள் ஒவ்வொன்றுக்கும் நான்கு பேர். மூன்று ஹார்ப் வேறு. ஆசிரியர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் செழிப்பு அதில் நன்றாகவே தெரியும். அதிலிருந்து சில பகுதிகளை அவரே 1919இல் கச்சேரிக்காக எடுத்த தொகுப்பில் இரண்டிரண்டு பேர், ஒரே ஹார்ப். சரி, இதுவரை, எந்தக் கருவிக்கு எத்தனை பேர் என்பதைச் சொல்லும் 'கருவிப் பங்கீடு' என்ற சொல்லே போதும்.

அப்புறம், அதே இசையிலிருந்து அவர் 1945இல் மறுபடி எடுத்த தொகுப்பைக் கேளுங்கள். கருவிகள் ஏறக்குறைய 1919இல் இருந்தவைதான். முடிவில் பித்தளைக் கருவிகள் முழங்கும் மெட்டும் அதேதான். ஆனால் முன்பு நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டி ஒலித்த சுரக்கூட்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) இப்போது நறுக்கென்று வெட்டுப்பட்டு, இடையிடையே மௌனத்தோடு வருகின்றன. இதைப் பங்கீட்டுக் கணக்கில் சேர்க்க முடியாது. அவர் தன் இசையைக் கேட்கும் விதமே மாறியிருக்கிறது. நடுவில், 1930இல், விவிலியத்தின் 'சங்கீதங்கள்' என்னும் துதிப்பாடல்களுக்கு எழுதிய சிம்பொனியில் வயலின், வயோலா, கிளாரினெட் மூன்றையும் ஒதுக்கியவர் அவர். அந்த வறண்ட, துல்லியமான ஒலியைக் கேட்டவர்களுக்கு 1945இன் வெட்டு எங்கிருந்து வந்தது என்று புரியும். 'ஸ்ட்ராவின்ஸ்கியின் பிற்காலக் கைவண்ணம் பழைய படைப்பின் மேலும் படிந்திருக்கிறது' என்று எழுதிப் பார்த்தேன், இயல்பாகவே இருக்கிறது.

ஒரு தயக்கம் உண்டு. பேச்சில் கைவண்ணம் பெரும்பாலும் பாராட்டாகவே வருகிறது. கலைச்சொல்லில் குறை சொல்லவும் இடம் வேண்டும். 'இன்னும் பிடிபடாத கைவண்ணம்' என்பது எனக்கு உறுத்தவில்லை. உங்கள் காதுக்கு எப்படி?

இன்னொன்று, 'கைவண்ண வளர்ச்சி' வேண்டாம். பிந்தியதெல்லாம் உயர்ந்தது என்ற தீர்ப்பு அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. 'கைவண்ணப் போக்கு' என்று வைத்துக்கொள்ளலாம். மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

அன்புடன்.