வாராவாரம் எண்ணெய் பூசி உருவுவது நாரி நோவுக்கு மருந்தா, வெறும் சுகமா?

மூன்றாம் மாடி மகள் (வெள்ளவத்தை)
அம்மாவுக்கு 62 வயது. நாலு வருடமாக நாரி நோ, அதாவது இடுப்பு நோ. ஸ்கேன் எடுத்தாயிற்று, ஆபரேஷன் தேவையில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். குளிசை போட்டால் வயிறு எரிகிறது. இப்போது சனிக்கிழமைகளில் ஒரு அக்கா வீட்டுக்கு வந்து உருவிவிடுகிறார். எண்ணெய்க் கிண்ணத்தைச் சுடுதண்ணீருக்குள் வைத்து, தன் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் முதுகில் கை வைப்பார். ஞாயிறும் திங்களும் அம்மா நிம்மதியாகத் தூங்குவார். புதன்கிழமை பழைய குருடி கதவைத் திறடி. ஒரு தடவைக்கு 3500 ரூபா. கனடாவில் இருக்கும் அண்ணா, “எண்ணெயில் காசைக் கரைக்காதே” என்கிறார். காசு அனுப்புவதும் அவர்தான். என்ன பதில் சொல்ல?

கணக்குப்பிள்ளை
அண்ணா சொல்வது சரி தங்கச்சி. இரண்டு நாள் தூக்கத்துக்கு மாதம் 14,000 ரூபா. நோ என்பது கூடுவதும் குறைவதுமான சாமான். தாங்க முடியாத நேரத்தில்தான் ஆளைக் கூப்பிடுகிறோம். பிறகு அது தானாக இறங்கினாலும் பேர் எண்ணெய்க்குப் போகிறது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் குழு, இடுப்பு நோவுக்கான மசாஜ் ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தது. கொஞ்ச நாளைக்குச் சுகம் தெரியலாம், ஆனால் அந்த ஆய்வுகளை நம்பி இது நல்ல சிகிச்சை என்று சொல்ல முடியாது என்றுதான் முடித்தது. அந்தக் காசுக்கு நல்லதொரு இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுங்கள்.

மூன்றாம் மாடி மகள்
அக்கா நோவைப் பார்த்து வருவதில்லை அண்ணா, கிழமையைப் பார்த்து வருகிறார். நோ குறைந்த சனியிலும் வருகிறார்.

பரிசாரி பேரன் (கொட்டாஞ்சேனை)
கேட்டீர்களே ஒரு கேள்வி! என் அப்பப்பா உருவி எழுப்பிவிட்ட ஆட்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். உருவினால் நரம்பில் உள்ள அடைப்பு எடுபடும், கெட்ட நீர் கழியும். பொரளையில் அரசாங்கமே ஆயுர்வேத ஆஸ்பத்திரி நடத்துகிறது, சும்மாவா? எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரன் ஆய்வு செய்து காட்ட வேண்டுமா?

பொரளைப் பிசியோ
இரண்டு பேருக்கும் பதில் சொல்கிறேன்.

பேரன், அப்பப்பாவின் கையைக் குறை சொல்லவில்லை, விளக்கத்தைத்தான் சொல்கிறேன். மசாஜில் கழியும் கெட்ட நீர் என்று உடம்பில் ஒன்றும் இல்லை. நரம்பு குழாய் இல்லை, அடைப்பெடுக்க. அடிபட்ட இடத்தை நாமே தேய்த்துக்கொள்கிறோமே, ஏன்? தொடுகையின் செய்தி முதுகுத்தண்டுக்குப் போய் நோவின் செய்தியைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. 1965இல் மெல்சாக், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் நோவின் செய்தியை மறிக்கும் கதவு என்று விளக்கினார்கள். மூன்று மாதத்தைத் தாண்டிய நோவில், புண் ஆறிய பிறகும் நோ என்ற அபாய மணி அடித்துக்கொண்டே இருக்கலாம். அந்த மணியின் சத்தத்தைக் கை கொஞ்ச நேரம் குறைக்கும். நிறுத்தாது. காலி வீதியில் ஆயுர்வேத மசாஜ் என்று தொங்கும் எல்லாப் பலகைக்கும் பின்னால் வைத்தியர் இருப்பார் என்றும் நம்ப வேண்டாம்.

கணக்குப்பிள்ளை, உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு நோவுக்கு வழிகாட்டி வெளியிட்டது. மசாஜ் அதில் கொடுக்கலாம் என்ற பக்கத்தில் இருக்கிறது. ஆதாரம் மெலிந்தது என்று அவர்களே ஒப்புக்கொண்டுதான் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கச் சொன்ன பெல்ட்டோ, வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்ற பக்கத்தில்!

கணக்குப்பிள்ளை
பெல்ட் விசயத்தில் தோற்றேன். வீட்டில் ஒன்று கிடக்கிறது, யாருக்கும் வேண்டுமா? ஆனால் மெலிந்த ஆதாரம் என்று நீங்களே சொன்ன பிறகு மாதம் 14,000 எப்படி நியாயம்?

பொரளைப் பிசியோ
அமெரிக்காவில், சியாட்டில் பக்கத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. நாள்பட்ட இடுப்பு நோ உள்ள 401 பேர். மசாஜ் குழுக்களுக்கு வாரம் ஒரு தடவையாகப் பத்து வாரம். வழமையான வைத்தியத்தோடு மட்டும் இருந்தவர்களைவிட இவர்கள் பத்தாவது வாரத்தில் நன்றாக நடமாடினார்கள். ஆறு மாதம் வரை பலன் கொஞ்சம் நின்றது, ஒரு வருடத்தில் பெரும்பாலும் கரைந்துவிட்டது. நுணுக்கமாக அழுத்திய மசாஜும் சும்மா இதமாகத் தடவிய மசாஜும் ஏறக்குறைய ஒரே பலன்தான். ஆகவே ‘விசேட தைலம்’ என்று கூடக் கேட்பவருக்குக் காசு கொடுக்க வேண்டாம். இன்னொன்று, யாருக்கு மசாஜ் கிடைத்தது என்பதை மறைக்க முடியாது. அந்தச் சந்தேகம் எல்லா மசாஜ் ஆய்விலும் உண்டு.

நான் என்றால் பத்து வாரம் வைத்துப் பார்ப்பேன். சுகமாக இருக்கும் ஞாயிறும் திங்களும் அம்மா படுத்திருக்கக் கூடாது. மரைன் டிரைவில் நடக்க வேண்டும். அந்த இரண்டு நாளைத்தான் நீங்கள் 3500க்கு வாங்குகிறீர்கள்.

பம்பலப்பிட்டி மாமா
பிள்ளை, ஒரு விசயம். என் மச்சானுக்கு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோகத் தொடங்கியது. பிடிப்பு என்று நினைத்து வீட்டிலேயே இரண்டு நாள் உருவினோம். கடைசியில் அது நாளத்தில் இரத்தக்கட்டி. கட்டி நுரையீரலுக்குப் போகாமல் தப்பியது அவன் அதிர்ஷ்டம். அம்மா வார்பரின் போல இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை ஏதும் எடுக்கிறாரா?

பொரளைப் பிசியோ
மாமா சொன்னது முக்கியம். எலும்பு பலமிழந்து எளிதில் முறியக்கூடியவர்களுக்கும் அழுத்தி உருவக் கூடாது. கால் மரத்து, சிறுநீர் கட்டுப்படாமல் போனால் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பரிசாரி பேரன்
அப்பப்பாவும் வீங்கிய காலில் கை வைக்கமாட்டார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாடி மகள்
வார்பரின் இல்லை மாமா, பிரஷர் குளிசை மட்டும்தான். பத்து வாரக் கணக்கை அண்ணாவுக்கு அனுப்பிவிட்டேன், “சரி, பார்ப்போம்” என்றார். எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அந்த 401 பேரில் ஒருத்திக்காவது மரக்கறிப் பையோடு மூன்று மாடி ஏற வேண்டி இருந்ததா என்று கேள்” என்கிறார்.

கணக்குப்பிள்ளை
சியாட்டிலில் லிப்ட் இருந்திருக்கும் அம்மா.