மறு: பனியூர்திச் சொற்கள் – சறுக்குப்பட்டையா, தேய்பட்டையா?

> ஹைஃபாக்ஸுக்கு "சறுக்குப்பட்டை" என்று வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. ஹைஃபாக்ஸ் என்பது பனியூர்தியின் (ஸ்னோமொபைல்) அடியில் மாட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. முன்னால் இருக்கிற இரண்டு ஸ்கீயையும் சறுக்குக்கட்டை என்று இங்கேயே முடிவு செய்துவிட்டோம், இப்போது சறுக்குப்பட்டை என்று இன்னொன்று வந்தால் கையேட்டைப் படிக்கிறவர் எதைக் கழற்றி மாற்றுவார்?

ஹைஃபாக்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்டியின் அடியில் சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் டிராக் சுற்றுகிறது, அதன் உட்பக்க உலோகக் கவ்விகள் இரண்டு தண்டவாளங்களின் கீழே உரசிக்கொண்டே போகின்றன, அந்தத் தண்டவாளத்தின் அடியில் மாட்டியிருக்கும் நீளமான பிளாஸ்டிக் பட்டைதான் இது. கிரீஸ் கிடையாது, எண்ணெய் கிடையாது, அங்கே மசகு பனிதான். போன ஜனவரியில் வடக்கு ஒன்டாரியோவில் உறைந்த ஏரி ஒன்றின் மேல் போனேன். காற்று பனியை வழித்துக்கொண்டு போய்விட்டது, வெறும் ஐஸ். பத்து நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகுகிற வாடை. நிறுத்தினேன், உருகிய பட்டை ஆறியதும் கவ்வியோடு ஒட்டிக்கொண்டது, பின்பக்கத்தைத் தூக்கிப் போட்டுத்தான் விடுவிக்க முடிந்தது.

ஆகவே என் பரிந்துரை தேய்பட்டை. வினைத்தொகை என்பதால் தேய்ந்த, தேய்கின்ற, தேயும் பட்டை என மூன்று காலமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. தண்டவாளமும் கவ்வியும் தேயாமல் இருக்க, தான் தேய்வதற்கென்றே செய்த பாகம் அது, பக்கவாட்டில் இருக்கும் எல்லைக்கோடு வரை தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். பெயரைக் கேட்டதுமே குனிந்து பார்க்கத் தோன்ற வேண்டும்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று: ஐஸைச் சுரண்டி டிராக்குக்குள் தூவுகிற கம்பிச் சுருள். அதைப் பனித்துருவி எனலாம். தேங்காய்த் துருவல் போலத்தான் பொடிப்பொடியாக விழுகிறது, அதுதான் தேய்பட்டையையும் எஞ்சினைக் குளிர்விக்கிற நீரையும் ஆற வைக்கிறது. அன்றைக்கு என் வண்டியில் அது இல்லை.

சஸ்பென்ஷனுக்கு "தொங்கல்" எனக்கு ஒப்பவில்லை, தாங்கமைப்பு சரி. அதன் மூட்டுகளில் கிரீஸ் ஏற்றுகிற சிறு முனை (கிரீஸ் நிப்பிள்) இருக்கும், உள்ளே புகுந்த தண்ணீரோடு பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும்.

கடைசியாக, "ஃபாகிங் ஆயில்" என்பதைக் கலைச்சொல் பட்டியலில் "புகை எண்ணெய்" என்று போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து மாற்றுங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் தண்டு சுழல்கிற அறைக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி இல்லை, பெட்ரோலோடு வருகிற எண்ணெய்தான் எல்லாம். கோடை முழுக்க வண்டி சும்மா நின்றால் ஈரம் படிந்து கிராங்க் பேரிங் துருப்பிடிக்கும். அதைத் தடுக்கத்தான் சீசன் முடிவில் ஓடுகிற எஞ்சினுக்குள் இதைத் தெளிக்கிறோம், அப்போது வருகிற புகை, எண்ணெய் உள்ளே சேர்ந்ததற்கு வெறும் அடையாளம். காப்பெண்ணெய் என்பதே பொருத்தம்.

மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அப்புறம் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.