மறுமொழி: ரக்பி லீக் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> 'ரக்பி கூட்டிணைவு' என்று வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா,

கூட்டிணைவு வேண்டாம் என்பேன். லீக் என்றாலே ஐபிஎல் போல ஒரு தொடர் என்றுதான் நம் வாசகர் நினைப்பார். ஆனால் ரக்பி லீக் என்பது பழைய ரக்பியிலிருந்து பிரிந்த தனி ஆட்டம். ஆட்டக்காரர்கள் ஆடப் போன நாளில் சுரங்கத்திலும் ஆலையிலும் இழந்த கூலியை ஈடுகட்டக் கூடாது என்று இங்கிலாந்து ரக்பி சங்கம் பிடிவாதம் பிடித்தது. அதனால் வட இங்கிலாந்துக் கழகங்கள் 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்து வந்தன. 1906இல் அணிக்கு 15 பேர் என்பதை 13 ஆக்கினார்கள். ஆகவே 'பதின்மூவர் ரக்பி'. ரக்பி யூனியன் எனப்படும் மற்றது 'பதினைவர் ரக்பி'. பிரெஞ்சுக்காரர்களும் எண்ணை வைத்துத்தான் பிரித்துச் சொல்கிறார்கள்.

> 1906க்கு முன் இங்கேயும் 15 பேர்தானே?

சரிதான் அம்மா. அந்தக் காலத்துக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயரைப் போடுவோம்: 'வடக்கு ஒன்றியம்'.

> பப்புவா நியூ கினி கட்டுரைக்கு இவ்வளவு தேவையா?

அங்கேதான் அதிகம் தேவை. பதின்மூவர் ரக்பியைத் தேசிய விளையாட்டாகக் கொண்டாடும் நாடு அது. ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கக்காரர்களும், அப்புறம் போர்க்காலச் சிப்பாய்களும் கொண்டுவந்தது, 800க்கு மேல் மொழிகள் பேசும் மக்களுக்குப் பொதுவான பித்தாகிவிட்டது. தேசிய அணியின் பெயர் குமுல், அந்நாட்டின் பொதுமொழியான டோக் பிசினில் சொர்க்கப் பறவை. விடுதலை பெற்ற 1975இல்தான் முதல் டெஸ்ட். 1986இல் போர்ட் மோர்ஸ்பியில் நியூசிலாந்தை 24–22 என்று வீழ்த்தினார்கள். 2028இல் அந்நாட்டு அணி ஒன்று ஆஸ்திரேலியாவின் 'நேஷனல் ரக்பி லீக்' தொடரில் சேர இருக்கிறது. ஆட்டமும் லீக், தொடரும் லீக் என்றால் அந்த வரியை எழுதவே முடியாது!

எதிராளியை மடக்குவதற்குக் கபடியின் 'பிடி' போதும். ஆறு பிடிக்குள் புள்ளி எடுக்காவிட்டால் பந்து கைமாறும் என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னால் நிற்கும் தோழருக்குத் தள்ளுவதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். பதினைவர் ரக்பியில் அது கிடையாது. அதற்குப் 'பின்னுருட்டு' என்று முன்மொழிகிறேன். 'மெதுவான பின்னுருட்டு, எதிரணி சுதாரித்துக்கொண்டது' என்று வருணனையிலும் தடையில்லாமல் வருகிறது.

'பின்னுருட்டு'க்கு மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். மற்ற நான்கையும் இன்றே கலைச்சொல் அட்டவணையில் ஏற்றிவிடுகிறேன்.