பின்னங்கால்ல ஆறு விரல் – நாய் வளர்ப்போர் குழு

கார்த்தி: எங்க கிரேட் பைரனீஸ் இன நாய் போட்ட ஈத்துல 7 குட்டி. 5 குட்டிக்குப் பின்னங்கால்ல ஆறு விரல், ரெண்டுக்கு நாலுதான். தாய் தகப்பன் ரெண்டுக்கும் ஆறு. வேற இனம் கலந்துடுச்சா டாக்டர்?

டாக்டர் மீனா: அவசரப்படாதீங்க தம்பி. இது ஓங்கு பண்பு, அந்த ஜீன் மாற்றம் ஒரு பிரதி இருந்தாலே கூடுதல் விரல் வரும். தாய் தகப்பன் ரெண்டு பேர்கிட்டயும் ஒரே ஒரு பிரதிதான்னா நாலுல ஒரு பங்கு குட்டிக்கு மாற்றம் போகவே போகாது. பிரதி இருந்தும் விரல் வராத குட்டியும் உண்டு. அதைக் கண்ணால சொல்ல முடியாது, டிஎன்ஏ டெஸ்ட்தான்.

முத்து: எந்த ஜீன் மேடம்?

டாக்டர் மீனா: 16-வது குரோமோசோம்ல எல்எம்பிஆர்1. மாற்றம் அதுக்குள்ள உட்கார்ந்திருந்தாலும், ஆட்டிவைக்கிறது தள்ளி இருக்கிற எஸ்ஹெச்ஹெச் ஜீனை. கருவுல கால் மொட்டு வளரும்போது அது கட்டைவிரல் பக்கமும் வேலை பண்ணா விரல் கூடும். 2008-ல வந்த ஆய்வுல ரெண்டு மாற்றம் சொன்னாங்க: ஒண்ணு ஆசிய இனங்கள்ல, இன்னொண்ணு மேற்கத்திய இனங்கள்ல. லேப் எதைப் பார்க்குதுன்னு முதல்ல கேளுங்க. தப்பானதைப் பார்த்துட்டு ‘இல்லை’ன்னு ரிப்போர்ட் வந்தா பணம் தண்டம்.

கார்த்தி: சாம்பிள் வீட்லயே எடுக்கலாமா?

டாக்டர் மீனா: தாராளமா. ஆனா பால் குடிக்கிற குட்டின்னா தாய்கிட்ட இருந்து ரெண்டு மணி நேரமாவது பிரிச்சு வைங்க. தாயோட செல் வாயில ஒட்டியிருந்தா ரிப்போர்ட் தாயோடதும் கலந்து வரும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல பஞ்சுக் குச்சியை 15–20 விநாடி உருட்டித் தேயுங்க. எச்சில் வேணாம், கன்னத்து உள்தோல் செல்தான் வேணும். காத்துல காய வெச்சுக் காகிதக் கவர்ல போடுங்க. ஈரத்தோட பிளாஸ்டிக்ல போட்டா பூஞ்சை புடிக்கும். கிட்டோட திரவக் குழாய் வந்திருந்தா மட்டும் காய வைக்காம அதுலயே போட்டுடுங்க.

செல்வி அக்கா: பொறந்த மூணாம் நாளே அந்தக் கூடுதல் விரலை வெட்டிவிட்டா தொல்லை விட்டதுன்னு சொல்றாங்களே?

முத்து: அய்யோ அக்கா, பைரனீஸ், பிரியார் ரெண்டு நாய் இனத்துலயும் பின்னங்கால்ல அந்தக் கூடுதல் ரெட்டை விரல் இருக்கணும்னுதான் இன விதி. பிரியார்ல ஒண்ணு குறைஞ்சாலே ஷோவுல தகுதி போச்சு.

டாக்டர் மீனா: வெட்டுறது தோல்ல மட்டும் தொங்குற விரலுக்கு, அதுவும் எங்கயாவது மாட்டிக் கிழிஞ்சா. எலும்போட மூட்டு இருக்கான்னு எக்ஸ்ரேல தெரியும். அந்த விரலோட நகம்தான் நிஜத் தொல்லை. தரையில படாததால தேயாது, ரோமத்துக்குள்ள வளைஞ்சு தோல்ல குத்திச் சீழ் வைக்கும். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை ரோமத்தை விலக்கிப் பார்த்து நுனியை மட்டும் வெட்டுங்க.

கார்த்தி: 7 குட்டியும் வெள்ளைவெளேர்னு ஒரே மாதிரி இருக்கு டாக்டர்.

டாக்டர் மீனா: கழுத்துல கலர் நூல் கட்டுங்க. அந்தக் கலரைக் கவர் மேல எழுதிட்டு அப்புறம் குச்சியைத் தொடுங்க.